‘தொடாதீங்க’ என்று சொல்கிற வேலை

மியூசியத்தில் வேலை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். ரேஷன் கடையிலோ, பேங்க் கவுண்டரிலோ, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற இடத்திலோ இருப்பவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. நாலு பேர் வந்து போகிற இடத்தில் நாற்காலி போட்டவர்கள் எல்லாம் ஒரே சாதிதான்.

நான் முன்பு பாரலல் காலேஜ் என்கிற டியூட்டோரியலில் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போனிலேயே படிக்கத் தொடங்கியதும் காலேஜை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது குழிமந்தி பிரியாணிக் கடை. அந்தச் சமயத்தில்தான் கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊரில் இருந்த ஒரு பழைய ஓட்டுவீட்டை மியூசியம் ஆக்கினார்கள். சரித்திரம் படித்தவள் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று என்னைக் கூப்பிட்டார்கள். டிக்கெட் கிழிப்பது, விளக்கிச் சொல்வது, ஒட்டடை அடிப்பது, குழந்தைகளை நெல் பத்தாயத்துக்குள்ளிருந்து வெளியே எடுப்பது எல்லாம் நான்தான். மேலே ஒரு கமிட்டி உண்டு. கமிட்டி என்றால் செயலாளர் தாணுமூர்த்தி சார். மற்றவர்கள் கூட்டத்துக்கு வந்து வடை தின்றுவிட்டுப் போவார்கள்.

எல்லாம் வீட்டில் உண்டு

ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரப்பர்க்காரர் மனைவியோடு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வாசலில் கிடந்த கல்தொட்டியைக் காட்டி நான் வாயைத் திறப்பதற்குள், இதைவிடப் பெரியது தன் வீட்டில் உண்டு, மாடு அதில்தான் தண்ணீர் குடிக்கிறது என்றார். வெண்கல உருளியைக் காட்டினேன். அதுவும் உண்டு, நாய்க்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். பத்தாயம் உண்டு, அதற்குள் ரப்பர் ஷீட்டு அடுக்கியிருக்கிறார்கள். நெல் அளக்கிற மரக்கால் இரண்டு உண்டு, ஒன்றில் கோழி அடைகாக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் மனைவி, ஆமாம் உள்ளதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

ஓலைச்சுவடிக்காவது ஆச்சரியப்படுவார் என்று பார்த்தேன். பரணில் ஒரு கட்டு கிடந்ததாம், போன மழைக்கு அடுப்புப் பற்றவைக்க உதவியதாம். மிச்சம் இருப்பதையாவது மியூசியத்துக்குக் கொடுங்கள், உங்கள் பெயரை எழுதி வைக்கிறோம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்மேல் இரக்கப்பட்டவர்போலச் சொன்னார்: “டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்க, எல்லாம் காட்டித்தாறேன். டிக்கெட் ஒண்ணும் வேண்டாம், சோறும் உண்டு.”

எது மேலே

ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு அட்டை வைத்திருந்தோம். மேலே தமிழ், கீழே மலையாளம். முதல் மாதமே அதியன்னூரிலிருந்து ரிட்டயர்டு சூப்ரண்டு ஒருவர் வந்து, எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு எதை மேலே எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மாற்றி எழுதினோம். அடுத்த மாதம் ஒரு தமிழாசிரியர் வந்து, இந்தச் சாமான்களுக்குச் சொந்தக்காரர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று கேட்டார். வேடிக்கை என்னவென்றால், வந்த இரண்டு பேரும் என்னிடம் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் சண்டை போட்டார்கள். நானும் அப்படியேதான் பதில் சொன்னேன். எங்கள் ஊரில் கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அதுதான் மொழி.

பக்கத்துப் பக்கத்தில் எழுதலாம் என்றேன். எது இடது, எது வலது என்று கமிட்டியில் சாயங்காலம் வரை பேசினார்கள். கடைசியில் தாணுமூர்த்தி சார் தீர்ப்புச் சொன்னார். இரண்டு மொழிக்கும் தனித்தனியாக, ஒரே அளவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிய போர்டு. பொருளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போர்டு வந்து மாட்டியதும் அவரே நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

அன்று மத்தியானம் ஒரு அம்மா வந்து பாக்குவெட்டி இருக்கிற இடத்தில் வெகு நேரம் நின்றார். தமிழ் போர்டைப் படித்தார். நடந்து போய் மலையாளத்தையும் படித்தார். நமக்கும் ஒரு நல்ல பார்வையாளர் கிடைத்தார் என்று நான் பக்கத்தில் போனேன். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “எழுத்தெல்லாம் கொள்ளாம் டீச்சர், நல்லாத்தான் இருக்கு. சாமானம் எங்க?”

கல்யாணத்துக்கு முந்தின படம்

இப்போது யாரும் நேராகக் கல்யாணம் செய்துகொள்வதில்லை. அதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும். ஒற்றசேகரமங்கலத்துப் பெண்ணும் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளையும் கேமராக்காரர்களோடு வந்தார்கள். பழைய காலத்துக் களை வேண்டுமாம். முறையாகக் கமிட்டியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்ததால் நான் வாயைத் திறக்க முடியவில்லை. தராசுத் தட்டில் மல்லிகைப்பூவைக் கொட்டினார்கள். தூக்குவிளக்கில் எண்ணெய் ஊற்றப் போனதை மட்டும் ஓடிப்போய்த் தடுத்தேன்.

நான் விளக்கோடு திரும்புவதற்குள் மாப்பிள்ளை கையில் ஒரு ஓலைச்சுவடியைக் கொடுத்திருந்தார்கள். பெண் அவர் தோளில் சாய்ந்திருக்க, அவர் காதல் கடிதம் படிப்பதுபோல அதைப் படிக்க வேண்டும். அது ஒரு பாகப்பிரிவு ஓலை. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு பலாமரத்தில் தொடங்கின சண்டையில் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை என்று எழுதி ஒப்புக்கொண்டது. அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே, குடும்பம் பிரிந்த ஓலையைப் பிடித்துக்கொண்டா கல்யாணப் படம் எடுப்பது என்று கேட்டேன். பெண்ணின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. கேமராக்காரர் மட்டும் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே சொன்னார்: “சாரமில்ல சேச்சி, விடுங்க, பின்னால உள்ள சரித்திரமெல்லாம் படத்துல மங்கிப்போவும்.”

எழுத்தரின் பேரன்

இந்த வீட்டை மியூசியத்துக்குக் கொடுத்த குடும்பம் மன்னர் காலத்தில் சர்க்கார் எழுத்துவேலை பார்த்த குடும்பம். இப்போது பிள்ளைகள் டாக்டரும் எஞ்சினியருமாக அங்கங்கே இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஆடிட்டராக இருக்கும் பேரன்தான் வீட்டுக்குப் பொறுப்பு. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் சாமான்கள் ஏதாவது ஒரு கிடங்குக்குப் போகும், நான் வீட்டுக்குப் போவேன்.

முன்னறையில் அவருடைய தாத்தாவின் நாற்காலி இருக்கிறது. அகலமான கைவைத்த தேக்கு நாற்காலி. ‘தாலுகா கச்சேரி எழுத்தர் ஒருவர் பயன்படுத்தியது’ என்று போர்டு. ஆடிட்டர் தன் மகளுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். சம்பந்தி வீட்டார் ஒரு நாள் பூர்வீக வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் ‘எழுத்தர்’ என்பதை ‘மந்திரி’ என்று மாற்ற வேண்டும் என்றார். ஆதாரம் ஏதாவது உண்டா சார் என்று கேட்டேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றார். தாணுமூர்த்தி சார், அவருக்குத் தலையாட்டிவிட்டு, என்னிடம் திரும்பி, பார்த்துச் செய்யம்மா என்றார். எங்கள் கமிட்டியில் இது ஒரு முடிவு.

நான் முடியாது என்றேன். பொய்யை எழுதி மாட்டினால் மற்ற போர்டுகளையும் யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். நாற்காலியின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். இந்த வருஷம் கையெழுத்துப் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து, பேரத்தை முடிப்பவர்போலக் குரலைத் தணித்தார்: “மந்திரி வேண்டாம்ணா விடுங்க டீச்சர். மந்திரி மாதிரிண்ணாவது எழுதப்பிடாதா?”

கண்ணாடியில் ஒரு கை

பின்னறையில் ஒரு பெரிய புகைப்படம் உண்டு. இந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர், கேமரா வாங்கின புதிதில் பொழியூர்ப் பக்கம் கடற்கரைக்குப் போய் எடுத்தது. கரையில் நின்று வலை இழுக்கிற ஆட்கள், வரிசையாக, முண்டாசும் வெறும் மாருமாக. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, ‘பழங்கால மீனவர்கள்’ என்று எழுதி மாட்டியிருந்தோம். எல்லாருக்கும் அந்தக் கண்ணாடிமேல் என்ன மோகமோ, எந்த ஸ்கூல் வந்தாலும் அதில் கைரேகை. நான் துடைப்பேன், அவர்கள் வைப்பார்கள். ஒரு நாளில் ‘தொடாதீங்க’ என்று எத்தனை தடவை சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்திலும் சொல்லுவதாக வீட்டில் சொல்கிறார்கள்.

அன்று காலையில்தான் துடைத்து முடித்திருந்தேன். நல்ல மழை. நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு அம்மாவும் அவருடைய மகளும் பஸ் வரும்வரை ஒதுங்க வந்தார்கள். வந்ததற்கு டிக்கெட்டும் எடுத்தார்கள். கடற்கரைக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. செலின் என்று அந்த அம்மாவின் பெயர், எழுபது வயதுக்குக் குறையாது. மகள் முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். பின்னறையில் சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தேன். செலினம்மா உள்ளங்கை முழுவதையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றிருந்தார். தொடாதீங்க என்று அத்தனை எரிச்சலையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்க மாப்பிளய நான் தொடப்பிடாதா பிள்ளே?”

சாகாத பழங்காலம்

வரிசையில் இடது ஓரத்தில், பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்தான் செலினம்மாவின் கணவர், சூசை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மகள் பிறந்தது அதற்குப் பிறகு. ஒரே ஒரு கல்யாணப் படம் இருந்தது, கடல் ஏறி வீட்டை எடுத்தபோது அதுவும் போயிற்று. இதையெல்லாம் அவர் அழாமல், பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்பதுபோலச் சொன்னார். மகள் போனோடு உள்ளே வந்து, இதில் யாரம்மா என்று கேட்டார். செலினம்மா விரலால் காட்டினார். மகள் போனை மாரோடு பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்கே தலை நரைத்திருந்தது. தன் அப்பாவை, தன்னைவிடச் சின்னப் பையனாக, முதல்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வேண்டாம், கீழே பெயர் எழுதினால் போதும் என்று செலினம்மா கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன். தாணுமூர்த்தி சார் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து இது என் அப்பன், இது என் மாமன் என்பார்கள், ஆதாரம் வேண்டாமா என்றார். மந்திரிக்கு ஆதாரம் கேட்டீர்களா சார் என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியே தென்னைமரத்தைப் பார்த்தார். பிறகு, சாட்சி இருந்தால் பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஒரு வேன் வந்து நின்றது. பொழியூரில் பாதி அதற்குள் இருந்ததுபோல இறங்கினார்கள். அத்தனை பேரும் பின்னறைக்குள். அத்தனை கைகளும் கண்ணாடியில். சூசையை எல்லாரும் பார்த்த உடனே சொன்னார்கள். மற்றவர்களுக்கும் பெயர் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஒருவருக்கு மட்டும் இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடி, அவருடைய முதுகை வைத்தே சண்டை போட்டன. தாணுமூர்த்தி சார் சுவரோடு சுவராக நின்று எழுதிக்கொண்டார். கடைசியாக, தடி ஊன்றின ஒரு தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். நடுவில் நின்று வலை இழுக்கிறவர் அவர்தான். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். யாரோ படித்துச் சொன்னார்கள். அவர் தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டி செயலாளரைப் பார்த்தார்: “நான் இன்னும் சாவல்ல மக்கா. அதுக்குள்ள எதுக்காக்கும் என்னைய இஞ்ச ஆணியில தூக்கினிய?”

சம்பந்தி வந்தார்

‘பழங்கால’ என்பதை அன்றைக்கே எடுத்துவிட்டோம். பெயர்களை வரிசையாக எழுதிப் புது போர்டு மாட்டினோம். முதுகுக்காரருக்கு மட்டும் இரண்டு பெயரையும் போட்டு நடுவில் ‘அல்லது’ என்று எழுதினோம். இரண்டு குடும்பத்துக்கும் அதில் வருத்தம்.

ஆடிட்டரின் சம்பந்தி வந்தது அதற்கடுத்த வாரம். நாற்காலியில் ‘எழுத்தர்’ அப்படியே இருந்தது. இன்றோடு வேலை போயிற்று என்று தீர்மானித்து, என் மேஜையில் இருந்த டப்பாவையும் குடையையும் பையில் எடுத்து வைத்தேன். ஆடிட்டரும் முன்னால் வந்து அந்தப் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தி ஓய்வுபெற்ற டாக்டர், நிதானமான மனுஷர். நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய்விட்டார். புகைப்படத்துக்குக் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘அல்லது’ என்ன என்று கேட்டார். நான் செலினம்மாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள் என்று ஆடிட்டரின் கையைப் பிடித்துச் சொன்னார். ஆடிட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கையைக் கொடுத்தார்.

எல்லாரும் காரில் ஏறின பிறகு ஆடிட்டர் மட்டும் உள்ளே வந்தார். தாத்தாவின் நாற்காலிக்கு முன்னால் நின்று போர்டை அன்றுதான் முதல்தடவையாக முழுதாகப் படித்தார் என்று நினைக்கிறேன். மந்திரிப் பேச்சு வரவில்லை. கோபமா வருத்தமா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னார்: “எழுத்தர் எண்ணே இருக்கட்டும் டீச்சர். அவருக்கும் ஒரு பேரு உண்டாக்கும்.”

காட்சி நேரம்

பெயர் எழுதினோம். கையெழுத்தும் வந்தது. எனக்கு நிம்மதி வந்தது என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது.

செலினம்மா இப்போது டாக்டரைப் பார்க்க வரும்போதெல்லாம் இங்கேயும் வருகிறார். பின்னறையில் நான் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து சூசையிடம் பேசுவார். ஐந்து நிமிஷம் வீட்டுவிஷயம், மிச்சமெல்லாம் திட்டு. மருமகன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, முழங்கால் வலி குறையவில்லை, அன்றைக்குக் கடல் சரியில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேனே கேட்டியா, போகாதே என்று வாசலில் வழிமறித்து நின்றேனே கேட்டியா, இப்போது பாரு, நீ சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறாய், நான் கிழவியாகி உன்னைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருகிறேன். சத்தம் முன்னறைவரை கேட்கும். நான் அந்த நேரத்தில் யாரையும் அந்தப் பக்கம் விடாமல் உருளியையும் மரக்காலையும் பற்றி நீட்டி நீட்டிப் பேசுவேன்.

போன வாரம் ஒரு டூரிஸ்ட் வண்டி வந்துவிட்டது. பத்தாயத்துக்குள் இறங்கின ஒரு குழந்தையை நான் எடுப்பதற்குள் பாதிப் பேர் பின்னறை வாசலில் கூடிவிட்டார்கள். செலினம்மா யாரையும் கவனிக்கவில்லை. திட்டி முடித்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியில் சூசையின் முகம் இருக்கிற இடத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, வாறேன் என்று சொல்லி எழுந்தார். கூட்டம் கைதட்டியது. செலினம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்து, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அழுகையும் வந்தது, அத்தனை பேரையும் விளக்குமாற்றால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அப்போது ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “நல்ல அசலா செய்தாவ. அடுத்த காட்சி எப்பம்?”

செத்துப்போனவர்களால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை, காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து உயிரோடு இருப்பவர்களை உள்ளே விட வேண்டியிருக்கிறது என்பது ஒன்றுதான் இந்த வேலையில் உள்ள சங்கடம்.